திட்டு வாங்கும் உரிமை

காலை முதல் வகுப்பில் அவள் வேதியியல் பேராசிரியர். அடுத்த வகுப்பில், வயிற்று வலி என்று சொல்லி வீட்டுக்கு ஓடத் துடிக்கும் ஒரு மாணவி. அதற்கும் அடுத்து, அந்த வயிற்று வலியைக் கொஞ்சமும் நம்பாத துறைத்தலைவர். மத்தியானத்துக்குள் இத்தனை பேராக வாழ்ந்து முடித்து, சாப்பிட உட்காரும்போதுதான் அவள் தன் சொந்த ஆளாக மாறுவாள். காது கேளாத மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் நின்று, பேச்சைச் சைகையாகவும் சைகையைப் பேச்சாகவும் மாற்றிக் கொடுப்பது அவள் வேலை. கல்லூரியில் எல்லோருக்கும் அவள் சைகையக்கா. அலுவலகத்தில் வேறு ஒரு பெயர் இருக்கத்தான் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. பேசுகிறவர் 'நான்' என்றால் இவளும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'இந்தப் பொண்ணுக்கு வயிறு வலிக்குதாம் சார்' என்று இழுக்கக் கூடாது. 'எனக்கு வயிறு வலிக்குது சார்' என்றுதான் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு மாணவன் தாமதமாக வந்ததற்குக் காரணம் சொன்னான். நாற்பதைத் தாண்டிய இந்தப் பெண்மணி, “நான் சவரம் பண்ணும்போது கன்னத்தை வெட்டிக்கிட்டேன் சார்” என்று கூசாமல் சொன்னாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

சைகை அவளுக்குப் படித்து வந்ததல்ல. அவளுடைய அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அப்பாவுக்கோ மூக்கு நுனியில் கோபம். “அந்தக் கழுதையை எந்திரிக்கச் சொல்லு” என்பார் அப்பா. 'அப்பா உன்னைப் பாசமாத் தேடுறாரு' என்று அண்ணனிடம் கை காட்டுவாள். 'கிழவனைப் போய் வேலையைப் பாக்கச் சொல்லு' என்பான் அண்ணன். “இதோ வந்துட்டேன்னு சொல்றான்பா” என்பாள் இவள். ஒருவரையொருவர் தங்கமான மனிதர் என்று நம்பிக்கொண்டு இரண்டு பேரும் வெகுகாலம் சமாதானமாக வாழ்ந்தார்கள். பிற்பாடு பயிற்சிக்குப் போனபோது, இந்த வித்தையை முதல் நாளே கண்டுபிடித்து உரித்து எடுத்துவிட்டார்கள். கூட்டாமல் குறைக்காமல் சொல்லக் கற்றுக்கொண்டாள். ஆனாலும் மனசு பதறுகிற நேரத்தில் நாக்கு தானாகப் பழைய வழிக்குத் திரும்பப் பார்க்கும். அதைப் பிடித்து இழுத்து நிறுத்துவதே பாதி வேலை.

சைகையக்காவுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு, அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. கல்லூரி முற்றத்தில் ஒரு சிமெண்டு மேடை. சாப்பாட்டு இடைவேளையில் அதில் யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம், பாடலாம், கவிதை என்ற பெயரில் எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம். இடைவேளையின் முதல் பாதியில் வழிபாட்டுக் குழு அங்கே நின்று பாடும். குழுவை நடத்துகிறவர் அவளுடைய நாத்தனார், கணவரின் அக்கா; இவள் கூப்பிடுவது 'அண்ணி' என்று. கல்லூரி நூலகத்தில் வேலை. நாள் முழுக்க “உஷ்” என்று மற்றவர்களை அடக்குகிற அந்த அம்மாள், இடைவேளையில் முற்றமே அதிரப் பாடித் தன் பங்குச் சத்தத்தை ஈடுகட்டிவிடுவார். முன்வரிசையில் நின்று பாட்டை எடுத்துக் கொடுப்பது சைகையக்கா. நாளெல்லாம் அடுத்தவர் வார்த்தையைச் சுமந்து திரிந்தவளுக்கு அந்தக் கொஞ்ச நேரம் உயிர் வந்தது போல இருக்கும். அந்த இடத்துக்கு ஈடாக அவளுக்கு எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

இந்த நிம்மதிக்கு வேட்டு வைக்க வந்தவன் புருவக்காரன். காது கேளாதவர்கள் ஒருவரையொருவர் எழுத்துக்கூட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆளைப் பார்த்ததும் எது கண்ணில் படுகிறதோ அதையே சைகையாக்கிப் பெயர் வைத்துவிடுவார்கள். இவனுக்கு, ஆள்காட்டி விரலால் புருவத்தைத் தடவினால் பெயர். அவ்வளவு அடர்த்தி. வரலாறு இரண்டாம் ஆண்டு. எதைச் சொன்னாலும் 'ஏன்?' என்று கேட்பான். கேட்கும்போது இரண்டு புருவமும் நெற்றியில் பாதி தூரம் ஏறிவிடும். அவனும் காது கேட்கும் மூன்று நண்பர்களும் சேர்ந்து கேள்விக் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். முதல் கூட்டம் முற்றத்து மேடையில், பாட்டு முடிந்த கையோடு. முதல் பேச்சு புருவக்காரனுடையது. அதைக் குரலாக்கிச் சொல்ல வேண்டியவள், சற்று முன்பு பாடி இறங்கிய சைகையக்கா.

அவன் மேடையில் ஏறி, கையை உதறிவிட்டு ஆரம்பித்தான். 'கடவுள் இல்லை. இருக்கிறார் என்கிறவர்களிடம் ஆதாரம் இல்லை. தினமும் இங்கே கூட்டமாக நின்று காற்றோடு பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.'

முதல் ஆளாகக் கையைக் கட்டிக்கொண்டு நாத்தனார் நின்றிருந்தார். சைகையக்காவுக்கு மனசு பதறியது. நாக்கு பழைய வழியில் ஓடியே விட்டது. “கடவுளைப் பத்தி எனக்கு நிறையக் கேள்வி இருக்கு. நீங்க தினமும் இங்க கூட்டமா நின்னு பாடறதைப் பாத்தா எனக்கும் சந்தோஷமா இருக்கு” என்றாள்.

கைதட்டல் முற்றத்தை நிறைத்தது. நாத்தனார் மேடைக்கே போய் அவன் கன்னத்தைத் தட்டி, கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக் கையில் திணித்தார். “எவ்வளவு தங்கமான பிள்ளை, பாவம்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். புருவக்காரன் ஒன்றும் புரியாமல் பிஸ்கட்டையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அடிவாங்கவும் தயாராக வந்தவன் அவன். ஒரு முகத்திலாவது கோபம் இருக்கிறதா என்று வரிசை வரிசையாகத் தேடினான். எல்லா முகமும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. நண்பர்களோ அவனுக்குக் கைப்பேசியில் 'கடைசி நேரத்தில் இப்படிப் பல்டி அடித்துவிட்டாயே' என்று அனுப்பியிருந்தார்கள்.

வகுப்பறை வராந்தாவில் அவளைப் பிடித்துக்கொண்டான். சைகையில் கோபம் வந்தால் கை மட்டும் கோபப்படுவதில்லை. கன்னம், தோள், கண் எல்லாம் சேர்ந்து கோபப்படும். அவனுக்குப் புருவம் வேறு.

“நான் சொன்னது எங்க, அக்கா? என் பேச்சு எங்க போச்சு?”

“அண்ணி முன்னால நின்னுட்டிருந்தாங்க. வாய் வரலடா.”

“உங்களுக்கு வாய் வரலைன்னா நான் ஊமையாயிட்டேன்.” அவன் பிஸ்கட் பாக்கெட்டை அவள் முன்னால் ஆட்டிக் காட்டினான். “சின்ன வயசுலேர்ந்து இதுதான் எனக்கு. நான் என்ன சொன்னாலும் தலையைத் தடவிட்டு, பாவம்னு பிஸ்கட் குடுத்துட்டுப் போயிடுவாங்க. என்னோட சண்டை போட ஒருத்தர் கிடையாது. மத்தவங்கள்லாம் அந்த மேடையில ஏறித் திட்டு வாங்கறாங்க. எனக்கும் திட்டு வேணும் அக்கா. எனக்கு வர வேண்டிய திட்டை நீங்க நடுவுல நின்னு வரவிடாமப் பண்ணிட்டீங்க.”

சைகையக்காவுக்கு அழுகை வந்தது. தப்பு முழுக்கத் தன் பேரில் இருக்கும்போது வருகிற அழுகைக்கு யாரிடமும் ஆறுதல் கேட்க முடியாது. “மன்னிச்சிடு. அடுத்த தடவை ஒரு வார்த்தை குறையாது” என்று கை காட்டினாள்.

அவன் அடுத்த தடவைக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் தன் பேச்சை அப்படியே பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி மேடையில் கட்டிவிட்டான். காற்றோடு பேசுகிறவர்கள் என்ற வரிக்குக் கீழே இரண்டு கோடு வேறு. பாட வந்த குழு அதைப் படித்து மலைத்து நின்றது. நேற்று கன்னத்தைத் தட்டிக் கொஞ்சிய நாத்தனாருக்கு, நேற்றைய பிஸ்கட்டையும் சேர்த்துக் கோபம் வந்தது. “நேத்து ஒரு நாக்கு, இன்னிக்கு ஒரு நாக்கா?” என்று முதல்வரிடம் போனார். அட்டையை எடுக்க வேண்டும், கழகத்தைக் கலைக்க வேண்டும் என்றார். கழகத்துக்காரர்களும் பின்னாலேயே போய், நாங்கள் பேசக் கூடாது என்றால் அவர்களும் பாடக் கூடாது என்றார்கள்.

முதல்வர் நல்ல மனிதர், சண்டைக்கு மட்டும் பயம். எங்கே சண்டை வந்தாலும் அங்கே பூந்தொட்டி வைத்துவிடுவார். வராந்தாவில் சுவரொட்டிச் சண்டை வந்தது, அந்தச் சுவர் முழுக்க இப்போது தொட்டி. படிக்கட்டில் உட்கார்ந்து கோஷம் போட்டார்கள், படிக்குப் படி தொட்டி. கல்லூரியில் பேச்சு குறையக் குறையப் பூ அதிகமாகிக்கொண்டே வந்தது. இரண்டு தரப்பும் அரங்கத்தில் எல்லோர் முன்னாலும் பேசட்டும், சுமுகமாக முடியாவிட்டால் மேடை முழுக்கத் தொட்டிதான், பாட்டும் கிடையாது பேச்சும் கிடையாது என்று அறிவித்தார். கையோடு சைகையக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏம்மா, அந்தப் பையன் என்ன சொன்னாலும் கொஞ்சம் பாத்துப் பக்குவமாச் சொல்லிடுங்க. முதல் தடவை அழகாத்தானே சொன்னீங்க?”

“அது தப்பு சார்.”

“தப்பா? எல்லாரும் கை தட்டினாங்களே!”

“அதுதான் சார் தப்பு” என்றாள். அவருக்குப் புரியவில்லை.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். நாத்தனாருக்குத் தன் கணவர் இறந்ததிலிருந்து தம்பி வீட்டு மாடி அறைதான் வீடு. சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றாகக் கீழே. அன்றைக்குத் தட்டில் கை வைக்காமலே உட்கார்ந்திருந்தார். சைகையக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். நெரிசலான தெருவில் அத்தனை ஹாரன் அடிப்பவர், அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் மட்டும் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருப்பார்.

“அந்தப் பையனுக்கு நீதான் பேசப் போறியா?” என்றார் நாத்தனார்.

“என்னை விட்டா ஆள் இல்லையே அண்ணி.”

“உன் குரலைக் கேட்டுத்தான் பாதிப் பேரு பாட்டுக்கு வர்றாங்க. அந்தக் குரல்ல கடவுள் இல்லைன்னு சொல்லுவே, மறுநாள் அதே குரல்ல முன்னால நின்னு பாடுவியா? நான் நிக்க விடமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.”

“அது அவன் பேச்சு அண்ணி. நான் வெறும் வாய்.”

“வெறும் வாயா? அப்ப நீ பாடறதும் வெறும் வாய்தானா?”

சைகையக்கா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கணவர் மெல்லப் பின்னால் வந்து நின்று, “ஒண்ணு பண்ணு. நீ அங்க சொல்றதைச் சொல்லிட்டு வா. அக்காகிட்ட நான் பேசிக்கறேன்” என்றார்.

“நீங்களா? பேசுவீங்களா?”

“பேச முயற்சி பண்றேன்” என்று திருத்திக்கொண்டார். அவள் அந்தக் கவலையிலும் சிரித்துவிட்டாள்.

அரங்கத்தில் உட்கார இடமில்லை. பாட வராதவன், பேச வராதவன், தேர்வுக்குக்கூட வராதவன் எல்லாம் வந்திருந்தான். முதல்வர் எதற்கும் இருக்கட்டும் என்று வாசலில் சில தொட்டிகளை இறக்கியே வைத்திருந்தார். எழுதிக் கொடுத்தால் நானே படித்துவிடுகிறேன் என்று புருவக்காரனிடம் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தார். 'எழுதினால் பேப்பரைத் திட்டுவார்கள். நான் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும்' என்று அவன் மறுத்துவிட்டான்.

அவன் கையைத் தூக்கினான். சைகையக்கா மைக்குக்கு முன்னால் நின்றாள். முன்வரிசையில் நாத்தனார். அந்த முகத்தைப் பார்க்காமல் இருந்தால் சுலபமாக இருக்கும் என்று தெரியும். இருந்தும் அந்த முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

“கடவுள் இல்லைன்னு நான் சொல்றேன். இருக்கார்னு சொல்ற உங்ககிட்ட ஆதாரம் கிடையாது. நீங்க கூட்டமா நின்னு காத்தோட பேசறதைப் பாத்தா எனக்குச் சிரிப்புத்தான் வருது.”

தினமும் பாட்டை எடுத்துக் கொடுக்கிற அதே குரல். அரங்கம் வெடித்தது. “முட்டாள்!” என்றான் ஒருவன். “இறங்குடா!” என்றான் இன்னொருவன். பின்னாலிருந்து யாரோ செருப்பைக் காட்டினார்கள். சைகையக்காவின் கைகள் ஒரு சிட்டிகைச் சர்க்கரை சேர்க்காமல் எல்லாவற்றையும் அவனுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தன. முட்டாள் என்கிறான், இறங்கு என்கிறான், அங்கே பார், அந்தச் செருப்பு உனக்குத்தான். புருவக்காரனின் முகம் மலர்ந்துகொண்டே போனது. பரிசு வாங்க மேடை ஏறியவன் முகத்தில்கூட அவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்திருக்க முடியாது. ஒரே ஒரு குறை. கத்துகிறவர்கள் எல்லோரும் சைகையக்காவைப் பார்த்தே கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் இரண்டு கைகளையும் ஆட்டி, தன் நெஞ்சைத் தட்டித் தட்டிக் காட்டினான். “இங்க! என்னை! என்னைத் திட்டுங்க!” என்று அதையும் அவளே சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள்.

நாத்தனார் எழுந்தார். சிரிப்பு நின்றது.

“ஏம்மா, உனக்கே இது நல்லா இருக்கா?” என்று சைகையக்காவைப் பார்த்துக் கேட்டார்.

தன் பதிலைச் சொல்லச் சைகையக்காவுக்கு அங்கே இடமில்லை. கேள்வியை அப்படியே கையால் புருவக்காரனிடம் கொடுத்தாள். நாத்தனாரின் இடுப்பில் இருந்த கை அவள் இடுப்புக்கு வந்தது. நாத்தனாரின் உதடு கோணியது போலவே அவள் உதடும் கோணியது. நாத்தனார் அதைப் பார்த்தார். தன் கோபம் தன்னைவிட்டு நடந்து போய் அந்தப் பையன் முன்னால் நிற்பதை அவர் இதற்குமுன் பார்த்ததில்லை. மெதுவாக அவன் பக்கம் திரும்பினார்.

“தம்பி, உன்னைத்தான் கேக்கறேன். நான் காத்தோட பேசறேன்னு சொன்னியே. என் வீட்டுக்காரர் போன அப்புறம் வீட்ல எல்லாரும் எங்கிட்டப் பேசப் பயந்தாங்க. எதைச் சொன்னா நான் அழுவேனோன்னு ஒதுங்கி ஒதுங்கிப் போனாங்க. நான் பாடினேன். பாடும்போது மட்டும்தான் எனக்கு எதிர்ல ஒருத்தர் உக்காந்து கேக்கறாப்ல இருந்துச்சு. அது காத்துன்னா காத்துன்னே வெச்சுக்கோ. நீ சிரிச்சா சிரி. நான் பாடறதை நிறுத்தமாட்டேன். புரிஞ்சுதா, திமிர் பிடிச்சவனே?”

சைகையக்கா அத்தனையையும் கையில் சொன்னாள். கடைசி இரண்டு வார்த்தைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தம் கொடுத்தாள் என்று நான் சந்தேகப்படுகிறேன். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.

புருவக்காரன் நாத்தனாரைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

“இப்ப எனக்குச் சிரிப்பு வரல. சிரிப்பு வருதுன்னு சொன்னதை எடுத்துக்கறேன். கடவுள் இல்லைங்கறதை எடுத்துக்கமாட்டேன். நாளைக்கும் சொல்லுவேன்.”

“நானும் நாளைக்குப் பதில் சொல்லுவேன்” என்றார் நாத்தனார்.

“அதுக்குத்தான் வந்தேன்” என்றான் அவன்.

முதல்வருக்கு இது சுமுகமா சண்டையா என்று தெரியவில்லை. பத்திரமான வழியைத் தேர்ந்தெடுத்து, “சரி, எல்லாரும் அமைதியாப் போங்க. மேடைக்குத் தொட்டி வந்துடும்” என்றார். இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் “வேண்டாம்!” என்று கத்திய கத்தலில் அவர் உட்கார்ந்துவிட்டார். புருவக்காரன் மறுபடியும் கையைத் தூக்கினான். “அவங்க பாட்டு எனக்கு ஒரு நாளும் இடைஞ்சலா இருந்ததில்ல சார். இந்தக் கல்லூரியிலேயே சத்தியம் பண்ணி அப்படிச் சொல்லக்கூடிய ரெண்டு மூணு பேர்ல நான் ஒருத்தன்.” அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. நாத்தனார் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார், பலிக்கவில்லை. வாசலில் இருந்த தொட்டிகள் முதல்வரின் அறைக்கே போய்ச் சேர்ந்தன.

ஆனால் அன்றைக்கு வீட்டில் நாத்தனார் சைகையக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கணவர் முயற்சி செய்தார். “அக்கா…” என்பது வரைக்கும் நன்றாகவே வந்தது.

மறுநாள் இடைவேளையில் சைகையக்கா முற்றத்தின் ஓரத்தில் தள்ளி உட்கார்ந்தாள். குழு மேடையில் கூட ஆரம்பித்திருந்தது. முன்வரிசையில் ஒரு ஆள் நிற்கிற இடைவெளி. அதில் யாரை நிறுத்தப் போகிறார்களோ என்று அந்தப் பக்கம் பார்க்காமலே இருந்தாள்.  எதிர் மூலையில் புருவக்காரன் தன் கழகத்தோடு, பாட்டு முடியட்டும் என்று காத்திருந்தான்.

யாரோ வந்து நின்ற நிழல் விழுந்தது. நாத்தனார்.

“உன் மண்டையில ஒண்ணுமே இல்லைன்னு கையால எப்படிச் சொல்றது?”

சைகையக்கா நிமிர்ந்து பார்த்தாள். “எதுக்கு அண்ணி?”

“அவன்கிட்டச் சொல்லணும். உன்னை நடுவுல நிறுத்திச் சொன்னா அவனைத் திட்டின மாதிரியே இல்ல, உன்னைத் திட்டின மாதிரி இருக்கு. ராத்திரி பூரா மனசு கேக்கல. இனிமே அவனை நானே திட்டிக்கறேன்.”

சைகையக்கா முஷ்டியால் தலையில் தட்டிக் காட்டி, கையை விரித்து உள்ளங்கையை ஊதிக் காட்டினாள். நாத்தனார் இரண்டு முறை செய்து பார்த்தார். பிறகு முற்றத்தைக் குறுக்கே கடந்து புருவக்காரன் முன்னால் போய் நின்று, தலையில் தட்டி, காற்றை ஊதினார். அவன் அசந்து போனான். எழுந்து நின்று, அவருடைய முஷ்டியைப் பிடித்துக் கொஞ்சம் தளர்த்தி, இப்படிப் பிடிக்க வேண்டும் என்று சரி செய்தான். நாத்தனார் மறுபடியும் திட்டினார். இந்த முறை சரியாக இருந்தது போல, அவன் தலையாட்டினான். அப்புறம் அவனும் கையை எடுத்து நாத்தனாரைப் பார்த்து ஏதோ சொன்னான்.

“என்ன சொல்றான்?” என்று நாத்தனார் அங்கிருந்தே கத்தினார்.

“நீங்களே கேட்டுக்கோங்க அண்ணி” என்றாள் சைகையக்கா.

அவன் பொறுமையாக இன்னொரு முறை செய்து காட்டினான். நாத்தனார் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என்னையா? என்னையாடா அப்படிச் சொல்றே?” என்று இடுப்பில் கை வைத்தார். பிறகு முற்றத்து ஓரம் திரும்பி, “அங்க என்ன வேடிக்கை? நேரமாச்சு, முன்னால வந்து நில்லு!” என்று சைகையக்காவைப் பார்த்து அதட்டினார்.

சைகையக்கா ஓடிப்போய் முன்வரிசையில் நின்று பாட்டை எடுத்துக் கொடுத்தாள். புருவக்காரன் இடத்தை விட்டு நகரவில்லை. பாட்டு முடிந்ததும் மேடை அவனுடையது.